பிரார்த்தனை செய்தே குடியுரிமை வாங்கிய ராமநாதபுரத்துக்காரர்: யார் இந்த சௌமியமூர்த்தி தொண்டமான்?

ராமேஸ்வரம் போகும் ரயிலில் பாம்பன் பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மண்டபம் கேம்ப் என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் இலங்கை அகதிகள் முகாம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ‘கேம்ப்’ அகதிகளுக்காகக் கட்டப்பட்டது கிடையாது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதிப்பதற்காக, வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கை அரசாங்கமே இந்தியக் கரையில் நடத்திய முகாம் அது. காலராவோ அம்மையோ தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று சில நாட்கள் இங்கே வைத்திருந்து, ஊசி போட்டு, பெயர் பதிந்து, பிறகுதான் அனுப்புவார்கள். கொரோனா சமயத்தில் நாமெல்லாம் புதிதாகக் கற்றுக்கொண்ட குவாரன்டைன் என்ற வார்த்தை, மண்டபத்துக்காரர்களுக்குத் தாத்தா காலத்திலேயே பழக்கம்.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு பயணம் சுலபமாகிவிட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறினால் மலைநாடு. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர் என்று பல ஜில்லாக்களில் இருந்தும் மக்கள் போனார்கள். போனவர்கள் காட்டைத் திருத்தினார்கள், தேயிலை நட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், அங்கேயே செத்தும் போனார்கள். 1946 கணக்கெடுப்பில் இலங்கையில் இருந்த இந்தியத் தமிழர்கள் சுமார் 7.8 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் இது 11 சதவீதத்துக்கும் மேல். இரண்டே வருடத்தில் இவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

இழந்த குடியுரிமை திரும்பி வர நாற்பது வருடம் பிடித்தது. அந்த நாற்பது வருடமும் முன்னால் நின்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

கங்காணி வீட்டுப் பிள்ளை

தொண்டமான் பிறந்தது 1913 ஆகஸ்ட் 30. ஊர் திருப்பத்தூர் பக்கத்தில் உள்ள முனாப்புதூர். அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா, இன்றைக்கு சிவகங்கை மாவட்டம். அப்பா கருப்பையா கூலியாக இலங்கைக்குப் போனவர். அங்கே கங்காணியாகி, பணம் சேர்த்து, கடைசியில் ரம்பொடை பக்கம் தான் வேலை பார்த்த வேவண்டன் எஸ்டேட்டையே விலைக்கு வாங்கினார்.

கங்காணி என்றால் யாரென்று இன்றைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, கப்பல் ஏற்றி, தோட்டத்தில் மேய்த்து, சம்பளத்தில் கடனைக் கழிக்கிற ஆள். துரைக்கும் கூலிக்கும் நடுவில் நிற்பவர். கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் போனதால் பரம்பரையாக லயத்திலேயே கிடந்த குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட கங்காணி ஒருவரின் மகன், அதுவும் எஸ்டேட் முதலாளியின் மகன், தொழிலாளர் தலைவரானார் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துத்தான் ஆக வேண்டும். தோட்டக்காரரே தொழிற்சங்கம் நடத்தலாமா என்று அவருடைய எதிரிகள் கடைசிவரை கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

1924-ல் 11 வயதில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். கம்பளை செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் படிப்பு. 1927-ல் காந்தி இலங்கைக்கு வந்தபோது தொண்டமானுக்கு 14 வயது. அந்த வருகை அவரை உலுக்கிவிட்டது. பின்னாளில் அவர் கையில் எடுத்த போராட்ட முறைக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

1939 ஜூலையில் நேரு வந்தார். அரசு வேலையில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வெளியேற்ற இலங்கை அரசு முடிவு செய்திருந்தது. அது பற்றிப் பேச வந்த நேரு, ஆளுக்கொரு சங்கமாகப் பிரிந்து கிடந்த இந்தியர்களை ஒரே அமைப்பாகச் சேர்த்துவைத்தார். பிறந்தது இலங்கை இந்தியக் காங்கிரஸ். அதே ஆகஸ்ட் 1 முதல், கூலி வேலைக்காக யாரும் இலங்கைக்குப் போகக் கூடாது என்று இந்தியா தடை போட்டது. நூறு வருடமாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பாதை அன்றைக்கு அடைபட்டது. அதற்குப் பிறகு மலையகத்தில் வளர்ந்த தலைமுறை அங்கேயே பிறந்த தலைமுறைதான்.

புது அமைப்பின் கம்பளைக் கிளையில் வேலையைத் தொடங்கிய தொண்டமான், 1945-ல் தலைவராகவே ஆனார். துரைமார் அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். சங்கம் வைப்பதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்த காலம் அது.

ஓட்டு போட்டது தப்பா?

1947-ல் சுதந்திரத்துக்கு முந்தைய பொதுத்தேர்தல். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் ஜெயித்தவர் தொண்டமான். இன்னும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. ஆட்சியில் அமர்ந்த டி.எஸ்.சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

அடுத்த வருடமே வந்தது 1948-ன் குடியுரிமைச் சட்டம். தமிழர் என்ற வார்த்தையோ இந்தியர் என்ற வார்த்தையோ அதில் கிடையாது. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான சட்டம். அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதிவைத்தார்கள்? சிங்களவர்களிலும் எத்தனையோ பேரிடம் அந்தக் காகிதம் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1949-ல் இன்னொரு சட்டம். பல வருடமாகத் தொடர்ந்து குடியிருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கூடவே மூன்றாவதாக ஒரு திருத்தம் வந்து, குடிமகன் அல்லாதவருக்கு ஓட்டு கிடையாது என்று ஆனது. முதல் சட்டத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால் கணக்குப் புரியும்.

இந்த இடத்தில் நம் கரைக்கு ஒரு பங்கு இருக்கிறது. தொடர்ந்து குடியிருந்தேன் என்று எப்படி நிரூபிப்பது? தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துபோனவர், அப்பன் சாவுக்கு வந்து காரியம் முடித்துத் திரும்பியவர், குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட வந்தவர், எல்லோரும் இந்தப் பாதையில்தான் வந்துபோயிருப்பார்கள். அப்படி வந்துபோனதும் ஊருக்குப் பணம் அனுப்பியதும், இலங்கையை நிரந்தர வீடாக நினைக்கவில்லை என்பதற்கு ஆதாரமாக அவர்களுக்கு எதிராகவே திரும்பின.

ஆரம்பத்தில் இந்தச் சட்டத்தையே புறக்கணிக்கச் சொன்னது தொண்டமானின் காங்கிரஸ். பிறகு மனதை மாற்றிக்கொண்டு, 1951 ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் அவசர அவசரமாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார்கள். சுமார் 2.37 லட்சம் விண்ணப்பங்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். பத்து வருடத்துக்கும் மேலாக இழுத்தடித்து ஏற்றுக்கொண்டது ஏறக்குறைய 1.34 லட்சம் பேரைத்தான். முதலில் புறக்கணித்ததில் நல்ல நேரம் வீணாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இலங்கைத் தமிழ்த் தலைமைக்குள்ளும் இந்தப் பிரச்சினை விரிசலை உண்டாக்கியது. ஜி.ஜி.பொன்னம்பலம் அரசில் அமைச்சராகச் சேர்ந்துகொள்ள, எஸ்.ஜே.வி.செல்வநாயகம் அவரை விட்டு விலகி 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்றைக்கு மலையகத் தமிழர்களின் உரிமை, நாளைக்கு எங்களுடையது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை.

1952: உட்கார்ந்து பார்த்த சத்தியாகிரகம்

1952 தேர்தலுக்கு மலையகத்தில் ஓட்டர் லிஸ்ட்டைத் திறந்தால் தொழிலாளர் பெயர் இல்லை. ஏப்ரல் கடைசியில் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். முறைவைத்து ஆட்கள் மாறி மாறி உட்கார, நாலு மாதத்துக்கு மேல் நீடித்தது. கல் எறியவில்லை, யாரையும் அடிக்கவில்லை. காந்தி வழியில் பாடம் தவறாமல் நடந்த போராட்டம்.

பலன்? ஒன்றும் இல்லை. மே மாதம் தேர்தல் நடந்தது. 95 இடங்களில் 54-ஐப் பிடித்து ஐக்கிய தேசியக் கட்சி முன்பைவிட பலமாக வந்தது. மலையகத் தொழிலாளர் சார்பில் நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட இல்லை. ஓட்டு இருந்த வரைக்கும் அவர்களைப் பார்த்துப் பயம் இருந்தது. ஓட்டைப் பிடுங்கிய பிறகு, வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பிரதமர் டட்லி சேனநாயக்கா ஏன் பயப்பட வேண்டும்?

அமைதியாகப் போராடும் சுதந்திரம் அன்றைக்கு இருந்தது. அந்தப் போராட்டத்தால் எதிர்த்தரப்புக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். தொண்டமான் இதை மறக்கவில்லை என்பது 34 வருடம் கழித்துத் தெரிந்தது.

ஆளைப் பங்கு போட்ட ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30. டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். எந்த நாடும் ஏற்காமல் இருந்த 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 1.5 லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பிரிப்பது மாதிரி.

உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று எந்தத் தொழிலாளியையும் கேட்டு இந்த எண்களைப் போடவில்லை. தொண்டமான் அப்போது நியமன எம்.பி. அவருக்குத் தெரிந்த வழியிலெல்லாம் எதிர்த்தார், ஆட்களை வலுக்கட்டாயமாக அனுப்பக் கூடாது என்று வாதாடினார். ஒப்பந்தம் நின்றது.

கையெழுத்தான மை காய்வதற்குள் இந்தப் பக்கம் இன்னொரு இடி. டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. ரயில் நிலையம் போச்சு, கப்பல் துறை போச்சு. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வர ஆரம்பித்தது. தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதப்பட்ட அந்த மக்களில் பெரும்பாலோர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். உறவுகளைப் பிரித்துக்கொண்டு தலைமன்னாருக்குக் கிளம்பிய ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தம்பி இலங்கைப் பிரஜை என்று ஒரே வீட்டில் இரண்டு நாடு.

ராமேஸ்வரத்தில் இறங்கி, பழையபடி மண்டபம் முகாம். தாத்தா போவதற்கு வரிசையில் நின்ற இடத்தில் பேரன் வருவதற்கு நின்றான். அங்கிருந்து நீலகிரியில் இவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், இன்னும் எங்கெங்கோ. இன்று ரெப்கோ வங்கி என்று போர்டு பார்க்கிறோமே, அது 1969-ல் இப்படித் திரும்பியவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கூட்டுறவு வங்கி. 1980-களின் நடுப்பகுதி வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

சேர்ந்தும் விலகியும்

1970-களில் சிறிமாவோ ஆட்சி மலையகத்துக்குக் கெட்ட காலம். தோட்டங்கள் அரசுடைமை ஆயின, வேலை குறைந்தது, பஞ்சத்தில் லயங்களில் மக்கள் செத்தார்கள். தொண்டமான் 1972-ல் செல்வநாயகம், பொன்னம்பலத்தோடு தமிழர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். ஆனால் 1976-ல் வட்டுக்கோட்டையில் தனிநாடு என்று தீர்மானம் போட்டபோது அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. காரணம் எளிது. வடக்கு கிழக்கில் தனிநாடு வந்தால், நாலு பக்கமும் சிங்கள ஊர்கள் சூழ்ந்த நுவரெலியா, பதுளைத் தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடம் எங்கே?

1977-ல் மூன்று உறுப்பினர் தொகுதியான நுவரெலியா மஸ்கெலியாவில் மூன்றாவதாக ஜெயித்து மீண்டும் நாடாளுமன்றம் போனார். அடுத்த வருடம் ஜே.ஆர்.ஜெயவர்தனா அமைச்சரவையில் கிராமியத் தொழில் வளர்ச்சி அமைச்சர். எந்தக் கட்சி குடியுரிமையைப் பறித்ததோ அதே கட்சியின் ஆட்சியில்!

1983 ஜூலையில் தமிழர்களைக் கொன்று கடைகளை எரித்தபோதும் அவர் அந்த அமைச்சரவையை விட்டு விலகவில்லை. மலையகத் தமிழர்களும் அடிபட்டார்கள், அகதியானார்கள். ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்று பலரும் இன்றுவரை சொல்கிறார்கள். அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருந்ததால் கிடைத்தது என்ன என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். 1984 ஏப்ரலில், அமைச்சராக இருந்துகொண்டே தன் சங்கத்தை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது அதில் கிடைத்தது. தோட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

1986 பொங்கலும் கொழுந்தும்

சண்டை முற்றியதால் 1984-ல் ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வரமுடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமலும் இலங்கை ஏற்காமலும் நடுவில் நின்றவர்கள் 94 ஆயிரம் பேர். ஒப்பந்தக் காலமும் முடிந்துபோயிருந்தது.

தொண்டமான் ஒரு பிரார்த்தனை இயக்கத்தை அறிவித்தார். 1986 தைப்பொங்கல் தொடங்கி மூன்று மாதம், தினமும் காலையிலிருந்து நண்பகல் வரை தோட்டத் தொழிலாளர்கள் கோயிலில் உட்கார்ந்து சாமி கும்பிடுவார்கள். கோஷம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. நாடற்றவர் நிலை ஒழிய வேண்டும், நாட்டில் அமைதி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போவார்கள்.

கேட்பதற்குச் சாதுவாக இருக்கிறது இல்லையா? தேயிலை தெரிந்தவர்களுக்குத்தான் இதன் காரம் தெரியும். கொழுந்து காத்திருக்காது. குறிப்பிட்ட நாளுக்குள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும், முற்றியது தேயிலைக்கு உதவாது. பறித்ததை அன்றன்றைக்கே ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலை நேரம் முழுக்க லட்சக்கணக்கான கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தால் அன்றைய நாளின் பெரும்பகுதி போச்சு. இலங்கையின் முக்கியமான ஏற்றுமதியே தேயிலை. வடக்கில் போர் வேறு பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. சாமி கும்பிடுபவர்களை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? அடித்தால் உலகம் என்ன சொல்லும்?

பொங்கலன்று பிரார்த்தனை தொடங்கியது. சில நாட்களிலேயே அரசு இறங்கி வந்தது. 94 ஆயிரம் பேருக்கும் இலங்கைக் குடியுரிமை தருவது என்று இந்தியாவுடனும் பேசி முடிவானது. அதே வருடம் சட்டமும் நிறைவேறியது. 1988-ல் இன்னொரு சட்டம் வந்து, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் மிச்சம் இருந்தவர்கள் எல்லோரையும் பிரஜைகள் ஆக்கியது. கொள்ளுத்தாத்தா பிறந்த காகிதத்தை யாரும் கேட்கவில்லை, சத்தியக் கடதாசியே போதும் என்றார்கள். அந்த டிசம்பரில் ஜனாதிபதி தேர்தல். பிரேமதாசா வாங்கியது 50 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை மேல். மலையக ஓட்டின் விலை என்ன என்று 1947-க்குப் பிறகு கொழும்புக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

1952-லும் அகிம்சை, 1986-லும் அகிம்சை. முதல் தடவை பிரதமர் வாசலில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் தடவை வேலை நேரத்தில் உட்கார்ந்தார்கள். அமைச்சரவைக்குள்ளும் ஒரு ஆள் இருந்தார்.

ஒப்பந்தம் போட்ட அதே தேதியில்

தொண்டமான் சாகும்வரை அமைச்சராகவே இருந்தார், ஆட்சி மாறியபோதும். பிரேமதாசா, விஜேதுங்கா, பிறகு சந்திரிகா. யார் வந்தாலும் அவருக்கு நாற்காலி உண்டு என்று கேலி பேசுவார்கள். லயத்துக் கூரையும் பள்ளிக்கூடமும் அவர் காலத்தில் இன்னும் எவ்வளவோ மாறியிருக்கலாம் என்ற குறையும் உண்டு. கட்சியைக் குடும்பத்திடமே விட்டுப்போனார் என்பதும் உண்மை. அவருக்குப் பின் பேரன் ஆறுமுகம் தொண்டமான்தான் தலைவரானார்.

1999 அக்டோபர் 30-ல் இறந்தார், 86 வயதில். சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு அன்றோடு சரியாக 35 வருடம்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலுக்குக் காத்திருந்து அங்கேயே தங்கிவிட்டவர்களின் கதை முடிய 2003 ஆனது. அந்த வருடம் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவர்களையும் பிரஜைகளாக ஏற்றுக்கொண்டது.

இந்தக் கரையில் இன்னும் முடியவில்லை. கலவரங்களுக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி பக்கம் போன மலையகக் குடும்பங்கள், அங்கேயும் போர் துரத்த, படகு ஏறி ராமேஸ்வரத்துக்கு வந்தன. 1964 கணக்குப்படி இந்தியாவின் பங்கில் வரவேண்டியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அவர்கள் இங்கே பதிவானது இலங்கை அகதி என்று. 2019 ஜூனில், திருச்சி பக்கத்து முகாம்களில் இருக்கும் இப்படிப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே வருட டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. மண்டபம் முகாமில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.